கிளிக்கூட்டைக் கழுவியவர்கள்

எங்கட போர்டிங் வீட்டில ஒரு கிளி இருக்குது. பெயர் பவளம். வீட்டுக்கார அன்ரியின் கிளி. சில வருசத்துக்கு முன்னம் காணிக்குள் நின்ற மொட்டைப் பனை ஒன்று காற்றுக்கு விழுந்தபோது, அதன் பொந்துக்குள் இருந்து எடுத்த குஞ்சாம். விறாந்தையில் அதுக்கு ஒரு கூடு இருக்கிறது, ஆனால் பகலில் கதவு பூட்டுவதில்லை. அதால பவளம் குசினியில் நிற்கும், அலுமாரிக்கு மேல் நிற்கும், நாங்கள் படிக்கிற மேசையிலும் நிற்கும். போன செமஸ்ரர் எங்களில் ஒருத்தி இரண்டு இரவு முழித்து எழுதின அசைன்மெண்டின் முதல் பக்கத்தில், சரியாகப் பெயர் எழுதியிருந்த இடத்தில், பச்சையும் வெள்ளையுமாக ஒன்றை வைத்துவிட்டுப் பறந்துபோனது. விடிந்தால் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினோம்.

அண்டைக்கு இரவே யூரியூப்பில் தேடத் தொடங்கிவிட்டோம். கிளிக்கு ரொய்லெட் பழக்கலாமாம். கிளியைக் கையில் ஏந்தி, குப்பைக் கூடைக்கு மேலே பிடித்து, ஒரு சொல்லைச் சொல்கிறார்கள். கிளி கொஞ்சம் யோசிக்கிறது, பிறகு இருந்துவிடுகிறது. உடனே ஒரு சூரியகாந்தி விதையும் ஒரு "வெரி குட்"டும் கிடைக்கிறது. இவ்வளவுதான்.

வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "இது எப்ப தொடங்கினது?" எண்டு கேட்போம். நாங்கள் சொல்கிற 'கக்கூஸ்' எண்ட சொல்லே ஒல்லாந்தர் விட்டுட்டுப் போன சொத்து. கோட்டைகள் இடிந்தாலும் சொல் இடியவில்லை. சரி, கிளிக்கும் கக்கூசுக்குமான சம்பந்தம் எப்போது தொடங்கியது? கிளி வளர்ப்புப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடி வாசித்தோம். கிளியைப் பற்றி நிறைய இருந்தது. எச்சத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை.

எங்கட பழைய இலக்கியத்தில் கிளி முதலில் ஒரு கள்ளன். குறிஞ்சிப் பாட்டுகளில் அது தினைப்புனத்துக்கு வந்து கதிரைக் கொய்துகொண்டு போகும். பெண்கள் பரணில் இருந்து தட்டையும் குளிரும் ஒலித்து அதைத் துரத்துவார்கள். ஆனால் அதே காலத்துப் பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு கிளியும் இருக்கிறது. காஞ்சியை நோக்கிப் போகும் வழியில், அந்தணர் வீடுகளில் வளரும் கிளி. அதுக்கு வேதம் சொல்லப் பழக்குகிறார்கள். பிறகு வருகிற தூது இலக்கியங்களில் கிளி காதலியின் செய்தியைச் சுமந்து பறக்கிறது. மதுரை மீனாட்சியின் கையில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் வைப்பதற்கு ஒவ்வொரு நாளும் இலைகளாலும் மாதுளம் பூவாலும் புதிதாக ஒரு கிளி செய்கிறார்கள். இந்தக் கிளிகள் எல்லாம் பேசும், கேட்கும், தூது போகும். ஒன்றாவது எச்சமிட்டதாகச் செய்தி இல்லை.

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் எங்களுக்கு ஒரு துப்புத் தந்தது. அந்த நூல் சொல்லும் அறுபத்து நான்கு கலைகளில் கிளிக்கும் மைனாவுக்கும் பேச்சுப் பழக்குவதும் ஒன்று. நகரத்துப் பணக்கார ஆண் ஒருவனின் நாள் எப்படிப் போகும் என்று சொல்லும் இடத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கிளிகளுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்துப் பொழுதுபோக்குவான் என்று வருகிறது. அவனுடைய அறையில் என்னென்ன பொருட்கள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்ற பட்டியலும் இருக்கிறது. கட்டில், பூமாலை, வீணை, துப்புவதற்கான பாத்திரம் எல்லாம் உள்ளே. பறவைக் கூடுகள் அறைக்கு வெளியே.

வெளியே! அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. பேச்சுப் பழக்குகிறவன் உள்ளே இருக்கிறான், கூடு வெளியே தொங்குகிறது. கீழே விழுவதை அவன் பார்க்கவும் தேவையில்லை. அப்படியான வீட்டில் அதை அள்ள வேறு ஆட்கள் இருந்திருப்பார்கள். அந்த ஆட்கள் புத்தகம் எழுதவில்லை.

கிரேக்க, ரோமப் பக்கமும் இதே கதைதான். கி.மு. 400 அளவில் பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த க்டீசியாஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் ஒரு பறவை இருக்கிறது, அது இந்தியர்களின் மொழியை மனிதர் மாதிரியே பேசும், கிரேக்கம் பழக்கினால் கிரேக்கமும் பேசும் என்று எழுதினார். பிறகு ரோமர்களின் காலத்தில் இந்தியக் கிளி பணக்கார வீட்டுப் பொருளாகிவிட்டது. முதலாம் நூற்றாண்டில் பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் கிளிக்குப் பாடம் எடுக்கும் முறையைச் சொல்கிறார். அதன் தலையும் அலகைப் போலக் கடினமாம். ஆகவே பேசப் பழக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டுமாம், வேறு எதால் அடித்தாலும் அதுக்கு உறைக்காதாம். அதே நூற்றாண்டில் ஸ்டேஷியஸ் என்ற கவிஞர் ஒரு பணக்கார நண்பரின் கிளி செத்ததுக்கு இரங்கல் பாடினார். கிளியின் கூடு ஆமையோட்டால் பளபளக்கிறது. கம்பிகள் வெள்ளி, அதில் தந்தமும் சேர்த்திருக்கிறது. அந்த வெள்ளிக் கம்பிகளுக்குக் கீழே ஒவ்வொரு காலையும் என்ன இருந்திருக்கும் என்பது கிளி வளர்க்கிற எவருக்கும் தெரியும். ரோமில் அதைத் துடைத்தது ஓர் அடிமையின் கையாகத்தான் இருந்திருக்கும். கிளிக்கு இரங்கல் பா கிடைத்தது. துடைத்தவரின் பெயர்கூட இல்லை.

தமிழில் 'எச்சம்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்! பறவையின் கழிவும் எச்சம், மிஞ்சினதும் எச்சம், பிள்ளைகளும் எச்சம், இலக்கணத்தில் முடியாமல் நிற்கும் சொல்லும் எச்சம். தொல்லியல் வகுப்பில் நாங்கள் படிப்பதும் எச்சங்களைத்தான். இவ்வளவு எச்சம் படித்தும் கிளியின் எச்சத்தை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.

அது வரலாற்றுக்குள் வருவதற்கு ஒரு கொள்ளை நோய் தேவைப்பட்டது. 1493 இல் கொலம்பஸ் திரும்பிவந்தபோதே கூட்டிவந்தவற்றுள் கிளிகளும் இருந்தன. அதுக்குப் பிறகு சில நூற்றாண்டுகளாகத் தென்னமெரிக்கக் கிளிகள் கப்பல்களில் நெருக்கி அடைக்கப்பட்டு ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டே இருந்தன. கூடு இப்போது விறாந்தையில் இல்லை. குளிர் நாட்டில் கதவும் யன்னலும் பூட்டிய வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. 1879 இல் சுவிட்சர்லாந்தில் ரிட்டர் என்ற வைத்தியர், வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகளோடு தொடர்புள்ள ஒரு விசித்திரமான நிமோனியாவைப் பதிவு செய்தார். 1892 இல் பாரிசில் அது பெரிதாகப் பரவியது. கிளிக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து 1895 இல் அதுக்கு 'சிற்றக்கோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். சனங்களுக்கு அது கிளிக்காய்ச்சல்.

1929 நத்தாருக்கு அமெரிக்காவில் கிளி ஒரு நல்ல பரிசுப் பொருள். சில நாட்களில் கிளி சோர்ந்து செத்தது. பிறகு வீட்டுக்காரர் கடும் காய்ச்சலோடும் தலையிடியோடும் படுத்தார்கள். அனாபொலிஸ் நகரத்தில் ஒரே வீட்டில் பல பேர் விழுந்தபோதுதான் வைத்தியர்கள் விழித்தார்கள். பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்தது, சனம் பயந்துபோனது. 1930 ஜனவரி 24 அன்று ஜனாதிபதி ஹூவர் கிளி இறக்குமதியைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். அந்தச் சில மாதங்களில் அமெரிக்காவில் சுமார் 170 பேருக்கு நோய் வந்தது, 33 பேர் செத்தார்கள்.

எங்களை இந்தக் கதையில் பிடித்து நிறுத்தியது வொஷிங்டனில் இருந்த ஒரு கட்டடம். அரசாங்கத்தின் சுகாதார ஆய்வகம் அது. நோய்ப்பட்ட கிளிகளை அங்கே கொண்டுவந்து சார்ல்ஸ் ஆம்ஸ்ட்ரோங் என்ற வைத்தியர் ஆராய்ந்தார். கூடவே நேரடியாகக் கிளிகளோடு வேலை செய்தவர் ஆய்வக உதவியாளர் ஹென்றி அண்டர்சன். இரண்டு பேருக்கும் நோய் வந்தது. ஆம்ஸ்ட்ரோங் தப்பினார். அண்டர்சன் 1930 பெப்ரவரியில் செத்துப்போனார். அதோடு நிற்கவில்லை. கிளி இருந்த அறைப் பக்கமே போகாத ஆட்களும் அந்தக் கட்டடத்துக்குள் ஒவ்வொருத்தராக விழுந்தார்கள். கடைசியில் ஆய்வகத்தின் தலைவர் ஜோர்ஜ் மக்கோய், வேறு ஒருவரையும் உள்ளே விடாமல், தானே இறங்கி மிஞ்சியிருந்த பறவைகளைக் கொன்றார். கட்டடம் முழுக்கப் புகையடித்தார்கள். அதே வருசம் மே மாதத்தில்தான் அந்த ஆய்வகம் தேசிய சுகாதார நிறுவனம் என்று பெயர் மாறியது. இன்றைக்கு உலகத்திலேயே பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களில் அது ஒன்று.

கிளி அறைக்குப் போகாதவர்களுக்கு எப்படி வந்தது? காற்றால்தான். கிளமிடியா சிற்றசி என்ற பக்டீரியா அது என்று இப்போது தெரியும். நோய்ப்பட்ட பறவையின் எச்சத்தில் அது வெளியே வரும். எச்சம் ஈரமாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. காய்ந்து தூளாகி, கூட்டும்போது எழும்பி, மூச்சோடு உள்ளே போனால்தான் வில்லங்கம். இன்றைக்கு அதுக்கு அன்ரிபயோட்டிக் இருக்கிறது. 1930 இல் இல்லை.

நாங்கள் வாசித்தவற்றுள், கிளியோடு வேலை செய்த கூலிக்காரர் ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருந்த முதல் இடம் அதுதான். ஈராயிரம் வருசத்துக் கிளிக்கதையில் அந்த ஆளுக்குப் பெயர் கிடைப்பதற்கு, அவர் சாக வேண்டியிருந்தது.

இனி யூரியூப் கிளிக்கு வருவோம். அதன் கதை இதே அமெரிக்காவில், ஆனால் மினியாபொலிஸ் நகரத்து மாவு ஆலை ஒன்றின் மேல்மாடியில் தொடங்குகிறது. 1943. இரண்டாம் உலகப் போர். உளவியலாளர் பி. எப். ஸ்கின்னரும் அவரது மாணவர்களும் குண்டுகளை வழிநடத்தப் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். (பகிடி இல்லை. அரசாங்கம் காசு கொடுத்தது. பிறகு கைவிட்டது.) வேலை இல்லாமல் காத்திருந்த ஒரு நாளில், புறா ஒன்றுக்குப் பந்து உருட்டப் பழக்கிப் பார்த்தார்கள். புறா பந்தைத் தற்செயலாகப் பார்த்தாலே தானியம் கொடுத்தார்கள். பிறகு கிட்டப் போனால் கொடுத்தார்கள். பிறகு அலகால் தொட்டால் மட்டும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் புறா பந்தை அடித்து விளையாடியது. அடியே இல்லை. பிளினியின் இரும்புக் கம்பிக்கு ஆயிரத்து எண்ணூறு சொச்ச வருசத்துக்குப் பிறகு, பறவைக்குப் பாடம் எடுக்க ஒரு தானியம் போதும் என்று கண்டுபிடித்தார்கள். எங்கட பள்ளிக்கூடங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் முழுசாகப் போய்ச் சேரேல்லை எண்டது வேற கதை.

அந்த மாணவர்களில் கெல்லர் பிரிலண்டும் அவரது மனைவி மரியனும் இதையே தொழிலாக்கினார்கள். கோழி, பன்றி, முயல் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் பழக்கிக் காட்சி நடத்தினார்கள். ஆனால் 1961 இல் அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்று ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ரக்கூன் என்ற விலங்குக்கு நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கினார்களாம். ஒரு நாணயம் என்றால் போடும். இரண்டு கொடுத்தால் போடாது. இரண்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும், சாப்பாட்டைக் கழுவித் தேய்ப்பது மாதிரி. எவ்வளவு பரிசு கொடுத்தாலும் உடம்பில் ஊறின பழக்கம் திரும்பி வந்துவிடும் என்று எழுதினார்கள்.

கிளிக்கு ரொய்லெட் பழக்கும் வித்தையும் இதுக்குள்ளதான் இருக்கிறது. கிளிக்குச் சிறுநீர்ப்பை இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். பச்சையாக வருவது மலம், வெள்ளையாக வருவது யூரிக் அமிலம், சுற்றியிருக்கும் தண்ணீர் சிறுநீர். பறக்கிற உடம்பு பாரம் தாங்காது, ஆகவே சேர்த்து வைக்காது. பச்சைக்கிளி அளவான பறவை பகலில் கால் மணித்தியாலம், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போகும். இரவு முழுக்க அடக்கி விடிய ஒரு பெரிய இருப்பு. பறக்க முதலும் போகும். இதை மாற்ற ஏலாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: அது போகப்போகிற நேரத்தைக் கண்டுபிடித்து, சரியான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரே சொல்லைச் சொல்லி, போனதும் பாராட்டுவது. சில கிழமையில் கிளி அந்த இடத்தையும் சொல்லையும் பிடித்துக்கொள்ளும். கடுமையாகப் பழக்கினால் ஆபத்தும் இருக்கிறது. சொல் கேட்காமல் போகவே மாட்டேன் என்று அடக்கி வைத்து நோய்ப்படும் கிளிகள் இருக்கின்றன. கொஞ்சம் முன்னே பின்னே போனால் விட்டுவிட வேண்டும்.

ஏன் அமெரிக்காவில் இது இவ்வளவு பரவியது என்றதுக்கு எங்களிடம் ஒரு விளக்கம் உண்டு. 1992 இல் அங்கே காட்டுப் பறவைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அதோடு, காட்டில் பிடித்த கிளிக்குப் பதிலாக, முட்டையில் இருந்தே மனுசர் கையால் ஊட்டி வளர்த்த கிளி வீடுகளுக்கு வந்தது. அது கூட்டில் இருக்காது. தோளில் இருக்கும், சோபாவில் இருக்கும், கட்டிலில் இருக்கும். வாத்ஸ்யாயனர் வெளியே தொங்கவிட்ட கூடு கடைசியில் அறைக்குள் வந்துவிட்டது. உள்ளே வந்தபோது துடைப்பதற்கு வேறு ஆளும் இல்லை. சேட்டில் விழுவதைச் சொந்தக்காரரே துடைக்க வேண்டும். அப்போதுதான் "இதைப் பழக்கலாமா?" என்ற கேள்வி வந்தது என்று நினைக்கிறோம்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, பெரிய ஆய்வாளர்கள் மாதிரி ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கீறி, பவளத்தின் நேரங்களைக் குறிக்கத் தொடங்கினோம். முதல் நாள் 23 தடவை குறித்தோம். அதுக்குள் லெக்சர்ஸுக்குப் போனபடியால் மிச்சம் தெரியாது. இரண்டாம் நாள் மேசையைச் சுற்றி நின்று நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, வீடு கூட்ட வாற அக்கா விளக்குமாற்றோடு வந்தவ, என்ன செய்யிறியள் எண்டு கேட்டா. சொன்னோம். அவ கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தா.

"அது பின்னுக்கு ஒரு அடி வைக்கும் பிள்ளையள். பிறகு குந்தி வாலைத் தூக்கும். அப்ப நான் பேப்பரை நீட்டுவன். இதுக்கு என்னத்துக்கு மணிக்கூடு?"

சொல்லி வாய் மூடேல்லை, பவளம் பின்னுக்கு ஒரு அடி வைத்தது. அக்கா கொப்பிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய பேப்பரை எடுத்து நீட்டினா. சரியாக அதில் விழுந்தது. "ராசாத்தி" எண்டு சொல்லிப்போட்டு அவ பேப்பரை மடித்தா. அவ இருக்கிற காலை நேரத்தில் மட்டும் பவளம் ஏன் தரையில் அவ்வளவாகப் போவதில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அவ வந்து போற இரண்டு மணித்தியாலத்துக்கு அந்தக் கிளி ஏற்கெனவே பழகின கிளி. பாடம் எடுத்தவ ஆர் எண்டு நாங்கள் ஒரு நாளும் கேட்கேல்லை. பிளினியையும் ஸ்கின்னரையும் தேடித் தேடி வாசித்தோம், குசினி வாசலில் நின்றவவைக் கேட்கேல்லை. எங்கட ஊரில மலம் அள்ளுகிற வேலை ஆருடைய தலையில் கட்டப்பட்டது என்று சாதியைப் பற்றி ரியூட்டோரியலில் பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளைகள்தான் நாங்கள்.

ஆனால் மற்ற நேரத்தில் விழுந்து காய்ந்ததையும் அவதான் கூட்டுறா. விறாந்தையில், அலுமாரிக்கு மேல், கூட்டுக்குக் கீழே. காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் சுரண்டும்போது தூசி எழும்பும். அவவுக்கு அப்பப்ப இருமல் வரும். பவளத்தால்தான் எண்டு சொல்ல ஏலாது. அடுப்புப் புகையும் இருக்கு, ரோட்டுத் தூசியும் இருக்கு. பவளம் நல்ல சுகமான கிளி. எண்டாலும் வொஷிங்டன் கட்டடத்தின் கதையை வாசித்த பிறகு அந்த இருமல் எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கிவிட்டது. அன்ரியிட்டைச் சொல்லி, இருமலை ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டச் செய்தோம். நெஞ்சில் ஒன்றும் இல்லை எண்டு சொன்னாராம். கிளி இருக்கிற வீட்டில் வேலை செய்யிறன் எண்டதைச் சொன்னியளோ எண்டு கேட்டோம். "அதையும் சொல்ல வேணுமோ?" எண்டா. அடுத்த முறை சொல்லச் சொல்லியிருக்கிறோம்.

இப்போது குசினிக் கதவில் ஒரு ரைம்ரேபிள் ஒட்டியிருக்கிறது. கூட்டையும் அலுமாரி மேலையும் நாங்கள் முறை வைத்துத் துடைக்கிறோம். முதலில் தண்ணி தெளித்து நனைத்து, ஊறவிட்டு, பிறகு ஈரத் துணியால். காய்ந்ததைக் கூட்டுவதில்லை. பவளத்துக்கு "பேப்பர்" எண்ட சொல்லைப் பழக்குகிறோம். பத்துக்கு நாலு தடவை சரிவருகிறது. அக்காவுக்கு அந்தச் சொல்லும் தேவையில்லை. வியாழக்கிழமை முறைக்காரி போன கிழமை ரெஸ்ட் எண்டு சொல்லிக் கூடு கழுவாமல் ஓடிவிட்டாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் வாளியில் தண்ணி எடுத்துவந்து, ரைம்ரேபிளில் அவளின் பெயரை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, கூட்டுக்குப் பக்கத்தில் வாளியை வைத்துவிட்டுப் போயிருந்தா. பின்னேரம் அவள் வந்து பார்க்கும்வரை வாளி அங்கேயே இருந்தது.